சிரித்தேன் என்றொரு தீர்ப்பு

“அக்கா, ‘சிரித்தேன்’ என்பது ஒரு தீர்ப்பா?” என்று கேட்டாள் உலகம்மை.

எஸ்தர் டிவித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்த ஆட்டத்துக்கு?”

“கிணற்று வீடு. பேய் ஆட்டம். பேய் ஆட்டத்துக்கு நீங்க சொன்ன தீர்ப்பு, ‘சிரித்தேன்.’ முடிஞ்சுது. அதைச் செஞ்சவங்க கொதிச்சுப்போய் இருக்காங்க. வாங்கலாமா வேண்டாமான்னு படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?”

“வேணும்தான்.”

“அப்போ?”

எஸ்தர் ஏதோ சொல்ல வந்தார். உலகம்மை அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடி அது. ஒரு டிவி, இரண்டு பாய், தலையை ஆட்டுகிற ஒரு மேசை விசிறி. எஸ்தர் அங்கே உட்கார்ந்து, புதிதாக வருகிற வீடியோ கேம்களை ஆடித் தீர்ப்புச் சொல்வார். ஊரில் அதை மடம் என்றார்கள். பாதி கேலி, பாதி நிஜம்.

மடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது.

எஸ்தர் எதையும் எழுத மாட்டார். ஆட்டம் முடிந்ததும் கன்ட்ரோலரைத் தரையில் வைப்பார். பிறகு வாயால் சொல்வார். உலகம்மை அதைப் போனில் தட்டிக்கொண்டே படியிறங்குவாள். மாடியில் சிக்னல் கிடையாது. கீழே மைதீன் அண்ணன் கடைவாசலில் நின்றால்தான் மடத்தின் இணையதளத்தில் ஏற்ற முடியும்.

ஏற்றியதை எஸ்தர் படித்துப் பார்ப்பதில்லை. “வாயால சொன்னதை எதுக்குக் கண்ணால வேற பார்க்கணும்?” என்பார்.

அந்த ஒற்றை வரித் தீர்ப்புகளுக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெயர் வந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

“அனல் பாதை, கார் பந்தயம்,” என்றாள் உலகம்மை. “‘பிரேக் பிடிக்கவில்லை’ன்னு சொன்னீங்க. அது பாராட்டா, குறையா? ஒரு கோஷ்டி, ஆஹா அப்படி ஒரு வேகம்ங்குது. இன்னொரு கோஷ்டி, ஆட்டத்தில கோளாறுங்குது. நேத்து முழுக்க ரெண்டு கோஷ்டிக்கும் சண்டை.”

“நீ எந்தக் கோஷ்டி?”

“நான் உங்க சிஷ்யை. எனக்கே தெரியலை. அதுதானே கேவலம்! நாலு ஏக்கர், விவசாய ஆட்டம். ‘நாள் முழுக்கக் களை பறித்தேன்.’ சரி, பறிச்சீங்க. சந்தோஷமா பறிச்சீங்களா, சலிச்சுப்போய் பறிச்சீங்களா? கரும்படை, துப்பாக்கி ஆட்டம். ‘குண்டு தீர்ந்துபோனது.’ தீராம என்ன செய்யும்? ஒன்பது கதவு, புதிர் ஆட்டம். அதுக்கு, ‘ஏழாவது கதவு.’ அதில ஒரு வினைச்சொல்கூட இல்லை அக்கா! ஒருத்தன் அதைப் பனியனில் அச்சடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியுதான்.”

“பனியனா?” என்றார் எஸ்தர். முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

“கறுப்புப் பனியன். கேட்டா, பெரிய தத்துவமாம்.”

உலகம்மையோடு வாதாடுவது லேசில்லை. பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் எதிரணி மூச்சு வாங்குகிற இடத்தில் புகுந்துவிடுவாள். அதற்காகவே கோப்பை வாங்கியவள். வயதிலும் எஸ்தருக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் பயமும் கிடையாது.

“எனக்கு ஒரே ஒரு அளவுகோல் சொல்லுங்க,” என்றாள். “படத்துக்கு இவ்வளவு, கதைக்கு இவ்வளவு, சத்தத்துக்கு இவ்வளவு. எல்லா ஆட்டத்துக்கும் ஒரே தராசு. இன்னிக்கு எனக்கு அது வேணும்.”

அன்றைக்கு அவளுக்கு வேண்டித்தான் இருந்தது.

‘நாளை மாலை ஆறு மணிக்கு, உலகம்மையின் முதல் தீர்ப்பு’ என்று தளத்தில் முன்தினமே போட்டாகிவிட்டது. அவள் வகுப்பு மொத்தமும் பார்க்கும். பட்டிமன்றத்தில் அவளிடம் தோற்றவர்கள் நிச்சயமாகப் பார்ப்பார்கள். ஆனால் எஸ்தர் தலையசைத்தால்தான் மடத்திலிருந்து எதுவும் போகும். எஸ்தர் இன்னும் தலையசைக்கவில்லை.

“எழுதியாச்சா?”

“காலையிலேயே.”

“வாசி.”

உலகம்மை எழுந்து நின்று வாசித்தாள்.

“ஆற்றுத் தோணி. இருவர் சேர்ந்து செய்த சின்ன ஆட்டம். நாம் தோணிக்காரர். இக்கரையில் ஆள் ஏறுகிறார், ஒரு வரி பேசுகிறார், அக்கரையில் இறங்குகிறார். அடுத்த ஆள் ஏறுகிறார். கதை இல்லை. இந்தப் பயணிகள் யாருக்கும் ஒரு வரிக்கு மேல் பேசத் தெரியவில்லை. ஒருவர் சைக்கிளோடு ஏறுகிறார். அந்தச் சைக்கிள் எதற்கென்று கடைசி வரை தெரியவில்லை, தோணியில் இடத்தை அடைக்கிறது. செய்தவர்கள் சோம்பேறிகள். வேண்டாம்.”

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“முழுசும் ஆடினியா?” என்றார் எஸ்தர்.

“முழுசும். ஒரே மூச்சில். நான் ஒண்ணும் பாதியில விட்டுட்டுத் தீர்ப்பு எழுதுத ஆள் இல்லை.”

“உட்காரு. நான் ஆடுதேன். நீ பாரு.”

“நான்தான் பார்த்துட்டேனே.”

“பேசப்பிடாது. பேசினா முதல்லருந்து ஆரம்பிப்பேன்.”

“இது என்ன நியாயம்?”

“இன்னும் ஆரம்பிக்கலை. அதனால இது கணக்கில்லை.”

எஸ்தர் ஆட்டத்தைப் போட்டார். ஆறு வந்தது. தோணி வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன் ஏறினான்.

“அக்கரையில இறக்கி விடுங்க,” என்றான்.

திரையின் அடியில் ஒரு சின்ன அம்புக்குறி மின்னியது. பட்டனை அழுத்தினால் ஆட்டம் மேலே நகரும். எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான்.

எஸ்தர் அழுத்தவில்லை.

தோணி நடு ஆற்றில் நின்றது. தண்ணீர் மட்டும் போனது.

“அக்கா, அம்புக்குறி மின்னுது. அழுத்துங்க.”

எஸ்தர் ஆட்டத்தை மூடினார். மறுபடி திறந்தார். ஆறு வந்தது. தோணி வந்தது. சைக்கிள்காரன் ஏறினான்.

“அக்கரையில இறக்கி விடுங்க.”

அம்புக்குறி மின்னியது. எஸ்தர் சும்மா இருந்தார். உலகம்மை உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்த உதடு எவ்வளவு நேரம் தாங்கும்?

“ஹேங் ஆயிட்டோ?”

எஸ்தர் மூடினார்.

“இதுவும் பேச்சா?”

“இதுவும்தான். இப்போ கேட்டதும்தான்.”

மூன்றாவது முறை ஆறு வந்தது. உலகம்மை வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இன்னொரு கை மடியில் கிடந்தது. அந்தக் கையின் கட்டைவிரல், எதுவும் இல்லாத இடத்தில், அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

எஸ்தர் அதைப் பார்த்தார்.

எழுந்து மூலைக்குப் போனார். அங்கே ஒரு பழைய கன்ட்ரோலர் கிடந்தது. வயர் அறுந்தது. அதை எடுத்து வந்து உலகம்மையின் மடியிலிருந்த கையில் வைத்தார்.

எதற்கு என்று கேட்கக் கூடாது. உலகம்மை கேட்கவில்லை. கண்ணால் கேட்டாள். எஸ்தர் திரைக்குத் திரும்பினார்.

“அக்கரையில இறக்கி விடுங்க,” என்றான் சைக்கிள்காரன்.

டக்.

உலகம்மையின் கையிலிருந்துதான் வந்தது. அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஆற்றைப் பார்த்தார்.

அறுந்த வயருக்கு எந்த ஆட்டமும் நகராது. தோணியில் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தண்ணீரைப் பார்த்தான். அவன் வாய் லேசாகத் திறந்தது. மூடியது.

பிறகு சொன்னான்: “அவசரம் ஒண்ணும் இல்லை.”

டக்.

உலகம்மை முழித்தாள். இந்த வரி அவள் ஆடியபோது வரவில்லை. இவர் எதையாவது மாற்றி வைத்திருக்கிறாரா? கேட்க முடியாது. கேட்டால் மறுபடி ஆறு, மறுபடி தோணி.

அம்புக்குறி மின்னியது. மேசை விசிறி ஒரு சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த சுவருக்குத் திரும்பியது.

“மெதுவாவே போங்க,” என்றான் அவன்.

டக்.

இந்தமுறை அவள் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது பட்டன்மேல் இருந்தது. அவள் வைக்கச் சொல்லவில்லை.

விரலைத் தூக்கி, வாயிலிருந்த கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நெடுநேரம் தண்ணீர் போனது.

“போய்ச் சேர்ந்தா எங்கம்மாகிட்ட சொல்லணும்.”

அம்புக்குறி.

தண்ணீர்.

“தம்பி சைக்கிள் மட்டும்தான் கிடைச்சுதுன்னு.”

உலகம்மை பிடித்திருந்த விரலை விட்டுவிட்டாள். அது அழுத்தவில்லை.

காலையில் இவனை இவளே அக்கரையில் இறக்கிவிட்டாள். இவனுக்கு அடுத்து முட்டைக்கூடையோடு ஒரு அம்மா. அவளுக்கு அடுத்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிய ஒரு கல்யாணப்பெண். எல்லோரையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டாள்.

தோணி அக்கரையைத் தொட்டது. சைக்கிள்காரன் இறங்கினான். திரை இருண்டது.

“ஏ உலகம்மை!” கீழேயிருந்து மைதீன் அண்ணன் கத்தினார். “ஆறாகப் போவுது! உன் தீர்ப்பு எங்கன்னு இங்க நாலு பேரு நிக்காங்க!”

உலகம்மை துள்ளி எழுந்தாள்.

“மாத்திடுதேன் அக்கா. ரெண்டே நிமிஷம். பிரமாதமான ஆட்டம், கட்டாயம் வாங்குங்க, பட்டனைத் தொடாதீங்க. சரிதானே?”

தட்டிக்கொண்டே முதல் படிக்குப் போய்விட்டாள்.

எஸ்தர் கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார்.

“எனக்குப் பிடிக்கலை,” என்றார்.

உலகம்மை படியில் அப்படியே நின்றாள்.

“என்னது?”

எஸ்தர் அவளைப் பார்த்தார்.

“பிடிக்கலையா? வேண்டாம்னு எழுதினேன், தலையசைக்கலை. நல்ல ஆட்டம்கிறேன், பிடிக்கலைங்கீங்க. வாயைப் பொத்தி உட்கார வச்சது நீங்க! எனக்கு அழுகை வந்துட்டு, தெரியுமா? இப்ப நான் என்னன்னு எழுத? உங்களுக்குன்னு ஒரு அளவுகோல் உண்டா இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க, நான் பாட்டுக்குப் போயிடுதேன். ஊர் உலகமெல்லாம் உங்களைப் பெரிய…”

எஸ்தரின் வாய் லேசாகத் திறந்தது. மூடியது.

உலகம்மை நிறுத்தினாள்.

அந்த முகத்தை அவள் இப்போதுதான் பார்த்திருந்தாள். தோணியில், தண்ணீரின் மேல்.

மெதுவாகப் படியேறி வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

விசிறி போய் வந்தது.

“அம்மாகிட்ட அவன் சொல்லுததை நாம பார்க்க முடியாது,” என்றார் எஸ்தர். “இறக்கிவிட்டதும் இருட்டாக்கிருதாங்க.”

உலகம்மை அசையவில்லை.

“அதுதான் பிடிக்கலை. அந்த அம்மா எப்படி இருப்பாங்கன்னு மூணு நாளா யோசிக்கிறேன்.”

உலகம்மை கவிழ்ந்திருந்த போனைத் தள்ளி வைத்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“தினமும் நீங்க தீர்ப்புச் சொன்னதும் நான் கீழே ஓடிடுவேன் இல்லையா?”

“ஆமா. நல்ல வேகம்.”

“நான் போனப்புறம் நீங்க இங்க என்ன செய்வீங்க?”

“சொல்லிக்கிட்டு இருப்பேன்.”

“யார்கிட்ட?”

எஸ்தர் யோசித்தார். பிறகு விசிறியைப் பார்த்தார்.

ஏழாவது கதவைப் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறவன் நினைவுக்கு வந்தான். அதற்குப் பிறகு எஸ்தர் சொன்னது அவனுக்கும் தெரியாது, உலகம்மைக்கும் தெரியாது.

“உலகம்மை!” என்றார் மைதீன் அண்ணன். “ஆறு ஆயிட்டு!”

“அக்கா,” என்றாள் அவள். குரல் எழும்பவில்லை. “கிணற்று வீடு. அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“சிரித்தேன்,” என்றார் எஸ்தர்.

உலகம்மை கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

விசிறி ஒரு சுவரைப் பார்த்தது. திரும்பி அடுத்த சுவரைப் பார்த்தது. கீழே யாரோ கடையை விட்டுப் போனார்கள்.

“வீட்டில யாரும் இல்லை,” என்றார் எஸ்தர். “சிரிக்கிறது நான்தான்னு தெரிய ரொம்ப நேரமாச்சு.”

மைதீன் அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

உலகம்மை எழுந்திருக்கவில்லை.