குறும்பாற்றின் வாய் திறந்த கொற்றியார்

கருவாடு உலர்த்திப் பிழைத்தவர் கொற்றியார். விடிந்ததும் அவர் செய்யும் முதல் வேலை பன்னிரண்டு கூடை மணல் சுமப்பது. குறும்பாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்மேடு. அதன்மேல் ஓலைக் கூரையின் கீழ் எம்பெருமான் சாண் உயரச் சிவலிங்கமாக, தானாய்த் தோன்றி எழுந்தருளியிருந்தார். ஆறு தினமும் மேட்டை அரிக்கும். அம்மையார் தினமும் அதை நிரப்புவார். அதன் பிறகே கஞ்சி. "கடக்கரையில மண்ணு சுமக்குறா பாரு!" என்று ஊர் சிரிக்கும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

காலையில் மலையில் புறப்பட்டு உச்சிப்பொழுதில் கடலில் முடிந்துவிடும் ஆறு அது. ஆனாலும் மரக்கலம் ஒதுங்க அந்தக் கரையில் வேறு இடம் இல்லாததால், சிற்றரசர்கள் மூன்று தலைமுறையாக அதற்கு அடித்துக்கொண்டார்கள். ஓர் ஐப்பசியில் பகைவர் வருவதாகச் சேதி வந்தது. அப்போது ஊரை ஆண்ட சிற்றரசனின் படைத்தலைவன் ஊர்த்தோணிகளையெல்லாம் கல்லேற்றி மூழ்கடித்து ஆற்றுவாயை அடைத்தான். "அரை நாள் ஆத்துல என்ன பெரிய வெள்ளம் வந்துடும்?" என்றான். சின்ன ஆற்றில் மலைமழை ஒரே மூச்சில் இறங்கிவிடும் என்பது உள்நாட்டுக்காரனான அந்தப் பாவிக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மழையில் ஊர் சிக்கிக்கொண்டது. முன்னே கொந்தளிக்கும் கடல், பின்னே ஏறும் ஆறு, இருபுறமும் சேறு. தப்பிக்கத் தோணி இல்லை. குடிசைகளில் கழுத்தளவு நீர். கல் அடைப்பு அசையவில்லை. ஆற்றைக் கடலுக்குத் திறந்துவிட, வெட்டக்கூடிய மண் இருந்தது எம்பெருமானின் மேட்டில் மட்டுமே. அதில் வெட்டப் படைத்தலைவனே துணியாமல் மண்வெட்டியோடு நின்றான்.

"நீதான் சொல்லணும் ஆத்தா," என்றான் தினமும் கேலி செய்த வலைஞன் ஒருவன், மகளைத் தோளில் ஏற்றியபடி.

அம்மையார் மேட்டைப் பார்த்தார், தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். இருபது ஆண்டு காத்த மண்ணைத் தம் கையாலேயே பெயர்ப்பதா? பெயர்க்காவிட்டால் இந்தப் பிள்ளைகள் கதி? மண்வெட்டியை வாங்கினார்.

"பொறுத்துக்க அப்பா. புள்ளைங்க முழுகுது. நான் வெட்டுறேன், நீ எழுந்து நின்னுக்க," என்று அழுதுகொண்டே வெட்டினார்.

மேடு சரிந்தது. தேங்கிய ஆறு முழுதும் அவ்வழியே கடலுக்குப் பாய்ந்தது. ஊர் பிழைத்தது. அம்மையார் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து கிடந்தார்.

"ஆத்தா, கண்ணத் தொறந்து பாரு!" என்று ஊரே கத்தியது.

ஒரு பிடி மண்ணும் மிஞ்சாத நடு வெள்ளத்தில், சாண் உயரப் பெருமான் ஆள் உயரம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

இறைவனையே எழுந்து நிற்கச் சொன்ன கொற்றியாரின் மண் படிந்த கைகளை வணங்குவோம்.