கறந்து விற்ற பசு

தாமிரபரணிக் கரையூர் ஒன்றில் ஜொகரா பீவி என்னும் அம்மையார் வாழ்ந்தார். கணவரை இழந்தவர். சாணம் அள்ளி வறட்டி தட்டுவதும், ஒற்றைப் பசுவின் பாலை வீடுவீடாக ஊற்றுவதும் அவர் பிழைப்பு. வாங்கு ஒலி கேட்டால் கைகழுவித் தொழுகைக்கு நின்றுவிடுவார். பாலில் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததில்லை. அதனாலோ என்னவோ கையில் காசும் தங்கியதில்லை.

ஒரே மகன் தமீமுக்கு நெஞ்சில் சீழ் கட்டியது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்தால் பிழைப்பான் என்றார் மருத்துவர். பசுவை விற்பதைத் தவிர வழியில்லை. அதுவோ வயதான பசு, பால் குறைந்துகொண்டே வந்தது.

சந்தைத் தரகர் காசிம் யோசனை சொன்னார். கெட்டவர் அல்லர், சந்தையில் எல்லாரும் செய்வதைத்தான் சொன்னார்.

"லாத்தா, ரெண்டு நாள் கறக்காம விடுங்க. மடி பொடைச்சு நிக்கும். கேட்ட வெல கெடைக்கும்."

"மடியில பாலைத் தேக்கி விக்கக் கூடாதுன்னு நம்ம நபி சொல்லியிருக்காங்களே, காசிம்."

"புள்ள உசுரு பெருசா, இது பெருசா?"

சந்தை நாளன்று விடியலில் அம்மையார் கொட்டிலுக்குப் போய், அழுதுகொண்டே கறந்தார்.

வற்றிய மடியைப் பார்த்துச் சந்தையே சிரித்தது. மலையடிவாரத்திலிருந்து வந்த சுடலைமுத்து மட்டும் விலை கேட்டார். "ஒரு வேளைக்கு அரைப்படிதான் தரும்" என்று அம்மையார் தாமாகவே சொன்னார். கிடைத்த பணம் மதுரைக்குப் போதவில்லை. மீதிக்கு வாசல் வாசலாக அவர் அலைந்துகொண்டிருக்கையில் தமீம் கண்ணை மூடிவிட்டான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பாலைக் கறந்தா, புள்ளையப் பறிகொடுத்தா" என்றது. அம்மையார் ஒரு வேளைத் தொழுகையையும் விடவில்லை. நெற்றியைத் தரையில் வைத்து ஒன்றே ஒன்று கேட்பார்: "யா அல்லாஹ், என் புள்ளைய நானே கொன்னுட்டேனா?"

மழைக்காலம் கழிந்தபின் சுடலைமுத்து தேடி வந்தார், தோளில் ஒரு கைக்குழந்தையோடு.

"பிரசவத்துல இவ அம்மை போயிட்டா. இவளுக்காகத்தான் மாட்டை வாங்குனேன். அரைப்படிதான்னு நீங்க சொன்னதால, பால் பத்தாதுன்னு மிச்சத் துட்டுக்கு ஒரு வெள்ளாடும் புடிச்சேன். மழையில பாதை அடைபட்டுப் போச்சு, மாடும் வத்திட்டு. அந்த ஆடு இல்லேன்னா இவ இல்லம்மா."

அம்மையார் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தார். தமீம் திரும்பி வரவில்லை. எந்தக் குழந்தையும் தமீம் ஆகிவிடாது. ஆனாலும் தம் கேள்விக்கு ஆண்டவன் பதிலோடு ஆள் அனுப்பிவிட்டான் என்று அவருக்குப் புரிந்தது. மகனை அடக்கிய நாளில்கூட வராத அழுகை அன்று வெடித்துக்கொண்டு வந்தது.

பெற்ற பிள்ளைக்காகக்கூடப் பிறரை ஏமாற்றாத அந்தத் தாயை இறைவன் உவந்து ஏற்றுப் பொருந்திக்கொண்டான். அவர் தோளில் உறங்கிப்போன அந்தப் பிள்ளையே அதற்குச் சாட்சி.