மறைத்து நின்ற முதுகு

“டீச்சர், புளூரேக்கு மாறிரலாமா?”

டெய்சி டீச்சர் நிமிரவில்லை. கபடி மைதானத்தில் குனிந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“எதுல இருந்து, அண்ணாச்சி?”

“டி.வி.டி.ல இருந்து.”

“அதுக்கு முந்தி?”

“சி.டி.”

“அதுக்கும் முந்தி?”

“கேசட்டு. கறுப்புக் கேசட்டு. உங்களுக்குத்தான் தெரியுமே.”

“மொத்தம் எத்தனை படம் வச்சிருக்கீய?”

“ஒண்ணுதான்,” என்றார் தவசிக்கனி.

டீச்சர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். தவசிக்கனிக்கு வயது ஐம்பத்திரண்டு. உப்பு லாரி ஓட்டுகிறவர். டீச்சரைவிடப் பதினாறு வயது மூத்தவர். ஆனாலும் அந்த மைதானத்துக்குள் வந்துவிட்டால் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் பேசுவார். அவர் மகள் பேச்சித்தாயை அந்த மண்ணில் ஆளாக்கியவர் டீச்சர்.

அந்த ஒரே படமும் பேச்சித்தாயின் படம்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மாவட்ட இறுதி ஆட்டம். பேச்சித்தாய்க்குப் பதினைந்து வயது. கடைசி ரெய்டு அவளுடையது. ஊரே வேன் பிடித்துப் போய்ப் பார்த்தது. பெற்றவர் மட்டும் போகவில்லை. உப்பு லோடை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனவர், கரூர் தாண்டி டயர் வெடித்து ரோட்டோரத்தில் நின்றார். வீடு வந்து சேர்ந்தபோது கோப்பை டி.வி. பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கிற ஒருவர் டிராக்டர் மேல் ஏறி நின்று அந்த ஆட்டத்தை எடுத்திருந்தார்.

பிள்ளை ஏறிப் போகிறாள். ஒருத்தியைத் தொடுகிறாள். திரும்புகிறாள். நடுக்கோட்டுக்குப் பாய்கிறாள்.

அந்த நேரம் பார்த்து, கோடு பார்க்க நின்ற ஒரு தடித்த ஆள் குறுக்கே வருகிறார். திரை முழுக்க அவர் முதுகு.

நாலு விநாடி.

முதுகு விலகும்போது பிள்ளைகள் பேச்சித்தாயைத் தோளில் தூக்கியிருக்கிறார்கள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஜெயித்த அந்த நிமிஷத்தில் தன் மகள் முகம் எப்படி இருந்தது? தவசிக்கனிக்கு அது தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

“சி.டி. வாங்கும்போது கடைக்காரன் சொன்னான் டீச்சர், கேசட்டுல தெரியாததெல்லாம் இதுல தெரியும்னு.”

“தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. அந்த ஆளு சட்டை வெள்ளை இல்ல. இளநீலம்.”

“டி.வி.டி.ல?”

“கோடு போட்ட இளநீலம். பிடரியில ஒரு மச்சம்.”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“வீட்டுல என்ன சொல்லுதாவ?”

“அவ சொல்லுதா, அந்த மனுசன் முதுகு அவரு பொண்டாட்டிக்குக்கூட இம்புட்டுத் தெளிவாத் தெரியாதாம். சிரிக்காதீய டீச்சர். இப்ப புளூரே வந்திருக்காம். இதுவரைக்கும் பாக்காததெல்லாம் தெரியுமாம். மாறுனா அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் தெரியுமா, தெரியாதா? அதைத்தான் கேக்கேன்.”

டீச்சர் சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டார்.

“பேச்சிகிட்டயே கேட்டா என்ன?”

“கேக்காம இருப்பேனா? ‘எப்பா, என் மூஞ்சிய நானே எப்படிப்பா பாக்க?’ங்கா.”

“அன்னைக்கு அவ முகம் யாருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்?”

“அந்தத் தடியனுக்கு! பக்கத்துலயேல்லா நின்னான்.”

“அவரைக் கேட்டீயளா?”

தவசிக்கனி முகம் சுருங்கியது. “தேடிப் பிடிச்சு சாத்தான்குளத்துக்கே போயிக் கேட்டேன். ‘முகமா? நான் கோட்டைல்லாவே பாத்துட்டு நின்னேன்’னு சொல்லுதான். குருட்டுப்பய! ரெண்டு முழம் தள்ளி நின்னுட்டு, என் பிள்ளை முகத்தைப் பாக்காம கோட்டைப் பாத்திருக்கான், டீச்சர்!”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். கோடு போடுகிற டப்பாவை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“டீச்சர், பதிலு?”

“ஞாயித்துக்கிழமை வாங்க.”

“லோடு இருக்கே.”

“மாத்தி விடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை தாலுகா இறுதி ஆட்டம்.

பேச்சித்தாய் இப்போது இருபத்து மூன்று வயதுக் கேப்டன். எதிர் அணி பக்கத்து ஊர். இரண்டு ஊருக்கும் மூணு தலைமுறையாகப் பேச்சு உண்டு, பெண் எடுப்பு உண்டு. கபடி என்று வந்துவிட்டால் மட்டும் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

தவசிக்கனி லோடை மாற்றி விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் பளபளவென்று ஒரு புதுக் கேமரா. கடைக்காரன் இரவல் கொடுத்திருந்தான். இதில் எடுத்துப் புளூரேயில் போட்டால் கண் இமையைக்கூட எண்ணலாமாம்.

டீச்சர் கேமராவைப் பார்த்தார்.

“அதை அந்த பெஞ்சுல வைங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“நம்ம பக்கக் கோட்டுக்கு ஆளு இல்ல. நீங்க நில்லுங்க.”

“நானா? நான் படம் எடுக்கணும்லா!”

“படம் வேணுமா, பதில் வேணுமா?”

தவசிக்கனி கேமராவை பெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம். ஒரு பக்கத்து ஓரக் கோட்டைப் பார்க்க இந்த ஊர் ஆள். மறு பக்கத்துக்கு அந்த ஊர் ஆள். தன் ஊர்ப் பிள்ளையின் கால் வெளியே போனால் அண்ணாந்து காக்கா பார்ப்பார்கள். எதிரூர்ப் பிள்ளையின் நகம் பட்டாலும் கை வானத்துக்குப் போகும். சண்டை வரும், சோடா வரும், மறுபடி ஆட்டம் நடக்கும். யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. கோட்டில் நிற்பது என்றாலே அதுதான் என்று ஆகிப்போயிருந்தது.

“நான் எதைப் பாக்கணும் டீச்சர்?”

“கோட்டை.”

“பேச்சி ஏறி வரும்போது?”

“கோட்டை.”

“முகத்தை ஒரே ஒருக்கா...”

“கோட்டை, அண்ணாச்சி.”

விசில் ஊதியது.

முதல் ஐந்து நிமிஷம் அவர் கண் இருப்புக்கொள்ளவில்லை. கோட்டுக்கும் மகளுக்குமாக அலைந்தது. டீச்சர் தூரத்தில் இருந்தே ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு கண் கோட்டில் போய் உட்கார்ந்தது.

“ஏ பெரியவரே, மறைக்காதீரும்! முதுகுதான் தெரியுது!”

பின்னால் யாரோ ஸ்டாண்டு போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தவசிக்கனி திரும்பவில்லை. “கோடு இங்கதாம்ல இருக்கு. வேற எங்க போயி நிக்க?” என்றார். சொன்ன பிறகுதான், சாத்தான்குளத்துக்காரரைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து காது சுட்டது.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. பதினெட்டுக்குப் பதினெட்டு. இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. இருபத்து நாலுக்கு இருபத்து நாலு.

ஒரே ஒரு ரெய்டு பாக்கி.

பேச்சித்தாய் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினாள்.

“கபடி கபடி கபடி கபடி...”

தவசிக்கனிக்கு உடம்பு புல்லரித்தது. லோடு லோடு என்று ஓடியதில் அவள் ஆட்டம் ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை; இந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. கேசட்டில் ஆட்டத்தின் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். சி.டி.யிலும் அதே பாட்டு. டி.வி.டி.யில் அதே பாட்டு இன்னும் சத்தமாக.

நிமிரத் துடித்தது. நிமிரவில்லை.

கோட்டோரமாக இரண்டு கால்கள் வந்தன. வலது குதிகாலில் கிணற்றுப் படியில் வாங்கிய தழும்பு. இவர் மடியில் போட்டு முள் எடுத்த கால்கள். மண்ணைத் தொட்டும் தொடாமலும் அவை போகிற போக்கைப் பார்த்து, ‘அடேயப்பா, என் பிள்ளையா இது!’ என்று நெஞ்சு விம்மியது.

ஒரு கை நீண்டது. “தொட்டுட்டா!” என்று ஊர் கத்தியது. இரண்டு பேர் அவளை ஓரத்துக்கு நெருக்கினார்கள். இடது கால் கோட்டை ஒட்டி வழுக்கியது.

சுண்டுவிரல். ஒரே ஒரு சுண்டுவிரல். கோட்டைத் தாண்டி மண்ணில் பட்டுவிட்டுத் திரும்பியது.

அடுத்த நொடி அவள் பாய்ந்து நடுக்கோட்டில் விழுந்தாள்.

மைதானம் அதிர்ந்தது. துண்டுகள் மேலே பறந்தன. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். வழக்கத்துக்காக ஒரு தடவை இந்தப் பக்கக் கோட்டைப் பார்த்தார்.

தவசிக்கனியைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. வானத்தில் காக்கா நிறையவே பறந்தது.

அவருடைய வலது கை மேலே போனது.

கூச்சல் அப்படியே நின்றது.

“ஏ தவசி! கையை இறக்கும்வே!”

“பெத்த பிள்ளைக்கு எதிரா எவனாவது கையைத் தூக்குவானா? கண்ணு அவிஞ்சு போச்சா உமக்கு?”

“வெளிய மிதிச்சுட்டா,” என்றார் தவசிக்கனி. குரல் அவருக்கே கேட்கவில்லை. கனைத்துவிட்டு மறுபடி சொன்னார். “என் மக வெளிய மிதிச்சுட்டா.”

குத்தவைத்து உட்கார்ந்து விரலை நீட்டிக் காட்டினார். கோட்டுக்கு வெளியே, செம்மண்ணில், சுண்ணாம்பு ஒட்டிய சின்னத் தடம்.

நடுவர் வந்து பார்த்தார். எதிரூர்க்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கே நம்ப முடியவில்லை. ஒருவர் தடத்தைப் பார்த்தார், தவசிக்கனியைப் பார்த்தார், மறுபடி தடத்தைப் பார்த்தார்.

விசில் ஊதியது. புள்ளி அந்தப் பக்கம் போனது. ஆட்டமும் கோப்பையும் கூடவே போயின.

தவசிக்கனி எழுந்திருக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜெயித்தபோது பக்கத்தில் இல்லை. இன்றைக்குப் பக்கத்தில் நின்று தோற்கடித்தாயிற்று. இனி எந்த முகத்தைப் பார்ப்பது?

டீச்சர் பெஞ்சில் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

குனிந்திருந்த தவசிக்கனியின் கண்ணுக்கு முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன.

“எப்பா.”

அவர் அந்தச் சின்னத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பா, இங்க பாரு.”

நிமிர்ந்தார்.

ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் அவள் முகம். நெற்றி முழுக்கச் செம்மண். புருவத்தில் வேர்வை. மேலுதடு கிழிந்து ஒரு பொட்டு ரத்தம். குறுக்கே ஒருவருமில்லை.

பேச்சித்தாய் அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். கையை விடாமலே எதிரணிக் கேப்டன் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் மின்ன, முகமெல்லாம் பல்லாக, மைதானத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஏட்டி, பாத்தியா? எங்க அப்பாட்டீ!”