லேகியம் சாப்பிட்ட ராஜாவும் காணாமல் போன மோதிரமும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டை அபராசிதன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் முன்கோபி. வயது ஏற ஏற அவருக்கு லேசாக மறதி தட்டியது. பெரிய வியாதி ஒன்றும் இல்லை. நடுக்கூடம் வரை வருவார், எதற்கு வந்தோம் என்று நிற்பார். முகம் தெரியும், பேர் வாயில் வராது. சபையில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு நிறத் தலைப்பாகை இருந்ததால், அதைப் பார்த்துப் பேர் சொல்லிச் சமாளித்துவந்தார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், "உத்தரவு, அரசே" என்று போய் நிற்க வேண்டும். அது என் பேர் இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவாம். சேனாபதியைப் பார்த்துச் சமையல்காரன் பேரைச் சொன்னால், சேனாபதி அன்றைக்கு ரசத்துக்கு உப்பு போட வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஆமாம்சாமிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களால்தான் இந்தக் கதையே வந்தது.

சபையில் தாண்டவராயன் என்று ஒருத்தன். மந்திரி திருமேனியாரின் இடத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். ஒருநாள் தன் மைத்துனன் கிண்டிய வல்லாரை லேகியத்தை ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்து ராஜாவிடம் நீட்டினான். இதைச் சாப்பிட்டால் பிறந்த அன்று பெய்த மழைகூட நினைவுக்கு வரும் என்று அளந்தான். ராஜாவும் தினம் ஒரு உருண்டை விழுங்கினார். கூப்பிட்டவர்கள் எல்லாரும் "உத்தரவு" என்றார்கள். ஆகா, ஒரு பேர்கூடத் தப்பவில்லையே என்று ராஜா பூரித்துப்போனார்.

அப்புறம்தான் வினை வந்தது. பரிவாரத்தோடு ஆற்றுக்கு எண்ணெய்க் குளியலுக்குப் போன ராஜா, முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கரையில் நின்ற ஒருவனைக் கொம்பையா என்று கூப்பிட்டுக் கொடுத்தார். குளிக்கிற இடத்தில் யார் தலையிலும் தலைப்பாகை கிடையாது. அரண்மனை திரும்பியதும், யானைப்பாகன் கொம்பையாவிடம் கேட்டு வாங்கி வரச் சொன்னார். தன்னிடம் யாரும் தரவில்லை என்றான் கொம்பையா. லேகியம் சாப்பிடுகிற எனக்கா மறதி என்று ராஜா சீறினார். வெள்ளிக்கிழமை அவனை எல்லைக்கு வெளியே துரத்த உத்தரவாயிற்று. அவன் வளர்த்த யானையோ வேறு யார் கையிலும் ஒரு கவளம் வாங்காது. "நான் போனால் அது பட்டினி கிடந்தே செத்துப்போகும் ஐயா" என்று காவலில் இருந்த கொம்பையா மந்திரியிடம் அழுதான்.

திருமேனியார் பிடித்தால் விடாதவர். அன்று நடந்ததைத் துருவித் துருவிக் கேட்டார். யானை தண்ணீரை விட்டு வர மறுத்ததால், ராஜா திரும்பிப் போகிறவரை அதன் கழுத்தை விட்டே இறங்கவில்லை என்றான் அவன். கரைக்கே வராதவனிடம் மோதிரம் எப்படிப் போகும்? கொம்பையாவைப் போலவே காதுவரை முறுக்கிய மீசை சபையில் இன்னொருவனுக்கும் இருந்தது மந்திரிக்கு நினைவுக்கு வந்தது. இந்தப் பாகனை அனுப்பவிடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. மந்திரி எழுந்தார்.

"அரசே, தண்டனைக்கு முன்னால் லேகியத்தின் பெருமையை ஊர் பார்க்கட்டும். இங்கேயே ஒரு உருண்டை சாப்பிடுங்கள். பிறகு எல்லாரும் ஆற்றங்கரையில் நின்றதுபோலத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நிற்கட்டும். தாங்கள் பேர் சொல்லுங்கள். சரியாக இருந்தால் மட்டும் உத்தரவு என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் பதவி போய்விடும் என்று ஆணையிடுங்கள்."

ராஜாவுக்குக் குஷி. அப்படியே ஆணையிட்டு, உருண்டையை விழுங்கிவிட்டு இறங்கி வந்தார். முதல் ஆளைப் பார்த்து, "சேனாபதி" என்றார். அவர் நெளிந்துகொண்டே, தான் கருவூலம் பார்க்கிறவன் என்றார். அடுத்தவரைப் புலவரே என்றார், அவர் வைத்தியர். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ராஜாவின் முகம் சுண்டிப்போனது. கடைசியில் முறுக்கு மீசையோடு நின்ற தாண்டவராயனுக்கு முன்னால் ராஜா வந்து நின்றார்.

"கொம்பையா" என்றார்.

தாண்டவராயன் ஒரு அடி பின்வாங்கினான். மந்திரி மெதுவாகக் கிட்டே வந்தார். "பதில் சொல்லுமையா. உத்தரவு என்றால் மோதிரம் உம்மிடம் இருக்கிறது, எடும். அந்தப் பேர் உமதில்லை என்றால், உம் லேகியம் வெறும் வெல்லப்பாகு."

தாண்டவராயன் மடியில் கைவிட்டு மோதிரத்தை எடுத்தான். அன்றைக்கே உண்மையைச் சொன்னால் லேகியத்தின் வேஷம் கலைந்துவிடுமே, அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று காலில் விழுந்தான்.

ராஜா மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டார். பிறகு, "நான் மறந்தது பெரிய தப்பில்லை. மறக்கவே மாட்டேன் என்று நம்பி ஒருத்தன் குடியைக் கெடுக்க இருந்தேனே" என்றார். தாண்டவராயனை யானைக் கொட்டாரத்தில் சாணி அள்ள அனுப்பினார். மிச்ச லேகியத்தை அவன் மைத்துனனே உட்கார்ந்து தின்று தீர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். திருமேனியாருக்குத் தம் பொற்சால்வையைப் போர்த்தி, மறதிக்கு வேறு மருந்து உண்டா என்று கேட்டார்.

"வயசானால் வருவதுதான் அரசே. தெரியாவிட்டால் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த எங்களை விடுங்கள்" என்றார் மந்திரி. அந்தப் பழைய வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

அடுத்த எண்ணெய்க் குளியலுக்கு ராஜா ஆற்றங்கரையில் மோதிரத்தைக் கழற்றினார். முறுக்கு மீசைக்காரன் ஒருவன் பக்கத்தில் நின்றான்.

"தாண்டவராயா, இதைப் பிடி."

"கொம்பையா, அரசே."

"ஆமாம், கொம்பையா. பிடி."

அதற்குப் பிறகு அந்த மோதிரம் காணாமல் போனதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.