வீட்டை அளந்த தூளி

ஒரு வீடு மனுஷர் குடியிருக்கப் போதுமா, போதாதா என்று நீங்கள் எதை வைத்து அளப்பீர்கள்? அளவுகோலா, கயிறா? மருதங்கோட்டையில் வேறொன்றை வைத்து அளந்தார்கள். கேளுங்கள்.

அது ராஜாக்கள் ஆண்ட காலம். மருதங்கோட்டையை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. கடைசியாக யார் காதில் ஓதுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான்.

ஒரு வருஷம் வெள்ளம் வந்து ஆற்றங்கரைக் குடிசைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. துணி வெளுக்கிறவர்கள், பானை வனைகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள் எல்லோரும் சட்டி பானையோடு கோயில் மண்டபத்தில் ஒண்டிக் கிடந்தார்கள். துணி வெளுக்கும் செங்கமலத்தின் மடியில் அப்போதுதான் பிறந்த பிள்ளை. அடுத்த மழைக்குள் ஒரு கூரை கிடைக்குமா என்பதே அவளுக்குக் கவலை.

"கஜானாவுல இருக்கிறது கொஞ்சம்தான். அதுக்குள்ளே இவங்க எல்லாருக்கும் வீடு வேணும். யாரால முடியும்?" என்று சபையில் கேட்டான் ராஜா.

"என்னால முடியும் மகாராஜா!" என்று முந்திக்கொண்டார் கங்காதரர். அரண்மனைக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவர். மந்திரி சாத்தப்பர் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறாரே என்று அவருக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்.

சொன்னபடியே ஊரைத் தாண்டி, பனங்காட்டையும் தாண்டி, ஒரு பொட்டலில் மாதிரி வீடு ஒன்றைக் கட்டி ராஜாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆள் படுக்கிற நீளம், கையை விரிக்கிற அகலம். அவ்வளவுதான் வீடு!

"இப்படிக் கட்டினா எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சமும் வரும் மகாராஜா. மிச்சத்துல உங்களுக்கு ஒரு மயில் மண்டபம்!"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

சாத்தப்பர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "கோழிக்கூடு நல்லா இருக்கு. வீடு எங்கே ஓய்?"

"ஏழைக்கு எதுக்கு மாளிகை? படுக்க இடம் இருந்தாப் போதாதா?" என்று சீறினார் கங்காதரர்.

மயில் மண்டபம் கை நழுவுகிறதே என்று ராஜாவுக்குக் கோபம். "சாத்தப்பரே! இந்த வீடு போதாதுன்னு நாளைக்கு நிரூபியும். ஆனா நீர் வாயைத் திறக்கக் கூடாது. உம்ம பேச்சுல நான் மயங்கிடுவேன். நிரூபிக்கலேன்னா எல்லா வீடும் இதே மாதிரி, இதே இடத்துல!"

"சரி மகாராஜா, நான் பேசலை. பேசவே தெரியாத ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வரேன்."

மறுநாள் பல்லக்கில் வந்து இறங்கியது யார்? மகாராணி! இடுப்பில் கைக்குழந்தை ராஜகுமாரன். தூளியில் போட்டு நன்றாக வீசி ஆட்டினால்தான் தூங்குவான். இல்லாவிட்டால் அரண்மனையே தூங்க முடியாது. சாத்தப்பர் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டு உத்தரத்தைக் கைகாட்டினார். மகாராணி பழம்புடவையை எடுத்து அதில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டாள்.

"வீடு கட்டினவரே ஆட்டட்டும்" என்றாள்.

கங்காதரர் மெதுவாகத் தள்ளினார். தூளி சுவரில் முட்டி நின்றது. இன்னும் மெதுவாக அசைத்தார். ராஜகுமாரன் ஒரு கண்ணைத் திறந்து 'இதெல்லாம் ஒரு ஆட்டா?' என்பதுபோலப் பார்த்தான். கங்காதரர் திசையை மாற்றி ஆட்ட, தூளி போய் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த ராஜாவின் வயிற்றில் மோதியது. ராஜா பின்வாங்க, கிரீடம் கூரையில் இடித்துக் கீழே உருண்டது. பிள்ளை வீறிட்டான் பாருங்கள், பனைமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது!

"வயித்து வலியோ என்னமோ. பக்கத்து வீட்டுல கொஞ்சம் வசம்பு வாங்கிட்டு வாங்க!" என்றாள் மகாராணி.

பக்கத்தில் வீடு ஏது? ஊருக்குள் ஓட ஒரு வீரன் குதிரை ஏறினான். அவன் திரும்பி வரும்வரை அழுகை ஓயவில்லை. மகாராணிக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏன் கங்காதரரே, செங்கமலத்துக்கும் ஒரு குதிரை தருவீரா? அவ அடுப்பை எங்கே மூட்டுவா, உம்ம தலை மேலயா?"

ராஜா கிரீடத்தைத் தூசி தட்டினான். "போதும் சாத்தப்பரே, வாயைத் திறவும்."

"என்னத்தைச் சொல்ல மகாராஜா? என் சாட்சிதான் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டாரே!"

ராஜாவே சிரித்துவிட்டான். "ஆனா காசு?"

"ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே சுவரா எழுப்பினா எத்தனையோ சுவர் மிச்சம். ஊருக்குள்ளே கட்டினா புதுசாக் கிணறும் வேண்டாம், பாதையும் வேண்டாம். அந்தக் காசுல தூளி தாராளமா ஆடற வீடு கட்டலாம். வாசல்ல படிக்குப் பதிலாச் சரிவா மண் போட்டா, மண்டபத்துல கோல் ஊன்றி நடக்கிறாரே ஒரு குயவர், அவரும் யார் கையையும் பிடிக்காம வீட்டுக்குள்ளே வருவார்."

"ஊருக்குள்ளே ஏது இடம்?"

"கங்காதரர் மாளிகையை ஒட்டி அரண்மனை நிலம் கிடக்கே மகாராஜா. அவரோட வண்டிமாடுங்க அங்கேதான் படுத்திருக்கு. ஒவ்வொரு மாட்டுக்கும் இந்த வீட்டைவிட இடம் அதிகம்!"

"ஓஹோ, அதுதான் இவங்களைப் பனங்காட்டுக்கு அனுப்பப் பார்த்தீரா?" ராஜா கங்காதரர் பக்கம் திரும்பினான். "மயில் மண்டபம் வேண்டாம். வீடுகளை நீரே நின்னு கட்டும். உம்ம மாளிகைச் சுவரே முதல் வீட்டுக்கும் சுவர். அதிலும் ஒரு சுவர் மிச்சமாகட்டும்!" என்று சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

மழைக்கு முன்னே தெரு எழும்பிவிட்டது. கங்காதரர் சுவரை ஒட்டிய முதல் வீடு செங்கமலத்துக்கு. கொஞ்ச நாள் அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. ஒரு சாயங்காலம் நல்ல மழை. தலையில் ஓலைக் குடையோடு, கையில் ஒரு கிண்ணத்தோடு செங்கமலத்தின் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க ஐயா, உள்ளே வாங்க" என்றாள் அவள்.

கங்காதரர் கிண்ணத்தை நீட்டினார்.

"எங்க வீட்டு மோரைப் பூனை கவுத்துடுச்சும்மா. பால் காய்ச்சி அப்படியே இருக்கு. கொஞ்சம் உறைமோர் குடேன்."