உடையாள் செய்த வில்

கோட்டையின் பழைய வாசற்கதவு உடைந்தபோது, வேண்டியவர்கள் விறகுக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று பாளையக்காரர் விட்டுவிட்டார். யானைக்குத் தழை வெட்டும் உடையாள் அந்தக் குவியலைக் கிளறி, முடிச்சில்லாத ஒரு நீளச் சட்டத்தை எடுத்தாள். அதைச் செதுக்கி, இழைத்து, எண்ணெய் பூசி, தன் உயரத்துக்கு ஒரு வில் செய்தாள்.

அந்த வில்லின் மேல் மணியக்காரருக்கு ஆசை வந்தது. "மகாராஜா, இது என் வீட்டு உத்தரத்துக்கு வாங்கி வைத்திருந்த மரம். இவள் திருடிவிட்டாள்" என்று பாளையக்காரரிடம் முறையிட்டார்.

பாளையக்காரர் யாரையும் எளிதில் நம்பமாட்டார். பழைய கதவில் எடுத்தது என்று சொன்ன உடையாளை ஏற இறங்கப் பார்த்தார். "கதவு மரம்தான் என்று காட்டு. இல்லாவிட்டால் உன் கை போகும்."

உடையாள் மணியக்காரர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்க மரந்தானா?"

"என் மரமேதான். சத்தியம் செய்யட்டுமா?"

"செய்யுங்க சாமி."

அவர் சூரியனைப் பார்த்துச் சத்தியம் செய்தார்.

உடையாள் வில்லின் கைப்பிடியில் சுற்றியிருந்த தோலை அவிழ்த்தாள். அடியில், இழைக்காமல் விட்டிருந்த இடத்தில், கோட்டையின் முத்திரை சூடு போட்டிருந்தது. "அப்ப கோட்டை மரம் உங்க வீட்டுக்கு எப்படிங்க வந்துச்சு?"

பாளையக்காரரின் சந்தேகம் இப்போது மணியக்காரர் மேல் திரும்பியது.

"டேய்! போய் இவர் வீட்டுக் கூரையைப் பிரித்துப் பாருங்கடா!"