வெற்றுப் பக்கத்துத் தீர்மானம்

கொம்பங்குளம் ஊராட்சிக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தின் அடியில் தலைவர் சிங்கத்துரை முதலில் கையெழுத்திடுவார், உறுப்பினர்கள் தொடர்வார்கள், பிறகு வடை. தீர்மானத்தைத் தலைவர் வீட்டில் சாவகாசமாக எழுதிக்கொள்வார்.

கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுக் கேட்டு அலுத்த உறுப்பினர் செவந்தி, அன்று கடைசியாகப் புத்தகத்தை வாங்கினாள். நெடுநேரம் தரவில்லை.

"என்ன தாயி, பேரு மறந்துபோச்சா?" என்றார் தலைவர்.

"இல்லீங்கய்யா. மேல காலியா இருந்துச்சு. கீழத்தெருவுக்குக் குழாய் போட ஏகமனதாத் தீர்மானம்னு எழுதிட்டேன்."

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"நாங்க நாலு வருஷமா ஒத்துக்கிட்ட மாதிரிதாங்கய்யா."

பக்க எண் போட்ட புத்தகம், கிழிக்க முடியாது. மறுத்தால் வெற்றுப் பக்கத்தின் கதை கலெக்டர்வரை போகும். தலைவர் வடையை மென்றார்.

கீழத்தெருவில் இன்றும் அந்தக் குழாய்த் தண்ணீருக்குப் பெயர், செவந்தி எழுதிய தண்ணீர்.